தெற்குத் தெரு வீடு: குடும்பக் குழு

அம்மா (காலை 9.40): பேத்தியைப் பள்ளியில் விட்டுத் திரும்பும்போது சின்னவள் காரில் ஒரு ரேடியோ வைத்தாள். இரண்டு கவ்பாய் பாட்டு, பிறகு ஒரே பேச்சு. பாதிதான் புரிந்தது. வீடு வந்த பிறகும் இறங்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பெரியப்பா: தமிழ் ஒலிபரப்பா?

நான்: இல்லை பெரியப்பா. பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியப் பூர்வகுடி மக்களே நடத்தும் 98.9 எஃப்எம். 1993 முதல் இருக்கிறது. இந்தக் குயின்ஸ்லாந்து மாநிலத்துப் பூர்வகுடிகள் தங்களை மர்ரி என்பார்கள். அதில் 'லெட்ஸ் டாக்' என்று ஒரு பேச்சு நிகழ்ச்சி.

அம்மா: பேச வந்த ஒரு பாட்டி, தான் எந்த மண், தாய்வழி எது, தகப்பன்வழி எது என்று சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கே வந்தாள். நம் ஊர் பஸ்ஸில் "நீ யார் வீட்டுப் பிள்ளை" என்று கேட்பார்களே அத்தான், இவர்கள் கேட்கும் முன்பே சொல்லிவிடுகிறார்கள்.

சித்தி: நல்ல பழக்கம் அக்கா. பாதி நேரம் மிச்சம்.

பெரியப்பா: அடிக்கடி பேச அப்படி என்ன இருக்கிறது?

அண்ணன் (சிட்னி): ஒன்று சொல்கிறேன். சிறையிலும் போலீஸ் காவலிலும் பூர்வகுடிகள் இறந்ததை விசாரிக்க 1987இல் ராயல் கமிஷன் என்ற அரசு விசாரணை ஆணையம் அமைத்தார்கள். 99 மரணங்கள். 1991இல் 339 பரிந்துரைகள். இன்னமும் காவலில் சாகிறார்கள். பேசாமல் என்ன செய்வார்கள்?

பெரியப்பா: அப்படியானால் புலம்பல் ரேடியோ என்று சொல்.

நான்: நீங்கள் கேட்டதில்லை பெரியப்பா. இன்று பேசியதில் பாதி சிரிப்புதான்.

அண்ணன்: இங்கே சிட்னியில் ரேடியோ ரெட்ஃபெர்ன் என்று ஒன்று இருந்தது. மாரீன் வாட்சன் என்ற கவிஞரும் அவர் மகன் டைகா பேல்ஸும் தொடங்கியது. 1988 ஜனவரி 26, வெள்ளையர் குடியேறி 200 ஆண்டு என்று அரசு கொண்டாடிய நாள். அன்று எதிர்ப்பு ஊர்வலத்தில் 40,000 பேருக்கு மேல் நடந்தார்கள். ஊர்வலத்தின் குரலாக இருந்தது அந்தச் சின்ன நிலையம்தான். டைகா பிறகு பிரிஸ்பேன் போய், அம்மா இன்று கேட்ட அதே 'லெட்ஸ் டாக்'கை நடத்தினார். 2016இல் காலமானார்.

அம்மா: இறந்தவர் என்றதும் நினைவு வருகிறது. நடுவில் ஏதோ எச்சரிக்கை சொன்னார்களே, அது என்ன?

நான்: அடுத்து வரும் பதிவில் இறந்துபோனவரின் குரல் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்வது அம்மா. பல சமூகங்களில் துக்கம் முடியும்வரை இறந்தவரின் பெயரைக்கூட உச்சரிக்க மாட்டார்கள். கேட்க வேண்டாம் என்பவர் அணைத்துவிடலாம்.

அம்மா: போன வாரம் பெரியவன் இங்கே ஓர் ஆடியோ அனுப்பினான். அடுப்பில் பருப்பு. என்னவோ என்று தட்டினேன். "தேங்காய் இரண்டு போதுமா?" என்று உங்கள் அப்பா குரல். கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டேன். பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

அண்ணன்: ஐயோ அம்மா. பழைய போனில் கிடைத்தது, யோசிக்காமல் அனுப்பிவிட்டேன். நீக்கிவிடட்டுமா?

அம்மா: நீக்காதே. மேலே ஒரு வரி எழுதிப் போடு.

அண்ணன்: அடுத்து வருவது அப்பாவின் குரல்.

அண்ணன்: [ஆடியோ 0:11]

பெரியப்பா: இரண்டு என்று கேட்டுவிட்டு நாலு வாங்கி வருவார் என் சகலை.