புதுப்பிப்பு: மோட்டார் காலுக்கு ஷிம், கடைசியில் எஸ்.எஸ்.தான் போட்டேன்

போன வாரம் கேட்டிருந்தேன்: கப்பலூர் பட்டறையில் பம்ப்போடு நேராகக் கப்ளிங் (இரண்டு தண்டையும் இணைக்கும் பாகம்) போட்ட 10 ஹெச்.பி. மோட்டார் அதிர்கிறது, காலுக்கு அடியில் இடைவெளியை நிரப்ப வைக்கும் ஷிம் (மெல்லிய தகடு) பித்தளையிலா, எஸ்.எஸ்.ஸிலா (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று. பாதிப் பேர் பித்தளை என்றீர்கள்.

பழைய ஷிம்மைக் கழற்றியதும் பாதி பதில் கிடைத்துவிட்டது. யாரோ குளிர்பான கேனை வெட்டி ஆறேழு துண்டாக அடுக்கியிருக்கிறார்கள். கூடவே ஒரு இரும்புத் தகடு, பம்ப் தண்ணீர் சொட்டித் துரு ஏறி உப்பிப்போய். வாங்கும்போது இருந்த கனம் துரு ஏறிய பிறகு எப்படி இருக்கும்? அடுக்கு கூடினால் ஸ்பிரிங் மாதிரிதான். மூன்று நான்குக்கு மேல் வேண்டாம்.

பித்தளை கெட்டது இல்லை. கத்தரியால் வெட்டலாம், துருப்பிடிக்காது. ஆனால் மென்மையானது, போல்ட்டை இறுக்க இறுக்க அமுங்கும். அதனால் எஸ்.எஸ். 304 ரகம்தான் எடுத்தேன்.

டயல் கேஜை (நுண்ணிய அசைவைக் காட்டும் கருவி) மோட்டார் காலில் வைத்து, ஒவ்வொரு போல்ட்டாகத் தளர்த்திப் பார்த்தேன். மூன்று கால் அசையவில்லை. நான்காவது 0.3 மி.மீ. எழும்பியது, அதாவது அடியில் அவ்வளவு இடைவெளி! அங்கே 0.2, 0.1 இரண்டு தகடு, போல்ட்டுக்கு யு வெட்டு. வெட்டிய விளிம்புப் பிசிறை அரத்தால் எடுக்க மறந்து, ஒருமுறை திரும்பக் கழற்றினேன் (கையும் கிழிந்தது). இப்போது தளர்த்தினாலும் அசைவு 0.05 மி.மீ.-க்குள் நிற்கிறது.

அப்புறம், தகட்டில் எழுதியிருக்கும் கனத்தை நம்பாமல் மைக்ரோமீட்டரில் அளந்துவிடுங்கள். சத்தம் நன்றாகக் குறைந்திருக்கிறது. கப்ளிங் ரப்பர்தான் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது, அதை நாளை மாற்ற வேண்டும்.