போபாலைப் பாடமாக எடுக்க இணையத்தில் தேடியபோது

ஒன்பதாம் வகுப்புக்கு சமூக அறிவியல் எடுப்பவர்:

டிசம்பர் 2 தேசிய மாசுக் கட்டுப்பாட்டு தினம். ஏன் அந்தத் தேதி என்று வகுப்பில் கேட்டேன். 1984இல் அந்த இரவில்தான் போபாலில் யூனியன் கார்பைடு பூச்சிக்கொல்லி ஆலையிலிருந்து விஷவாயு வெளியேறியது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. சரி, போபால் விஷவாயுவைப் பற்றி ஒரு வாரம் நடத்துவோம் என்று அன்று இரவே தேட உட்கார்ந்தேன். முதலில் வந்து நின்றது, மண்ணுக்குள் பாதி புதைந்த ஒரு குழந்தையின் முகம் தெரியும் புகைப்படம். எனக்கே தூக்கம் போய்விட்டது. பதினான்கு வயதுப் பிள்ளைகள் முன்னால் அதைத் திரையில் போடக்கூடாது என்று முடிவு செய்தேன். காணொலிகளில் பாதிக்கு மேல் சோக இசைதான் இருந்தது.

இறந்தவர்கள் எத்தனை பேர் என்று பிள்ளைகளையே தேடிவரச் சொன்னேன். ஒருவன் 2,259 என்றான். பக்கத்துப் பெண் 3,787 என்றாள். இன்னொருவன் 5,295, வேறொருத்தி 15,000க்கு மேல். "யாருது தப்பு மிஸ்?" என்று கேட்டார்கள். அன்று என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலாவது, அரசு ஆரம்பத்தில் சொன்ன கணக்கு. அடுத்தது பிறகு மாநில அரசு ஒப்புக்கொண்டது. 5,295 என்பது 2010இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போன சீராய்வு மனுவில் மத்திய அரசு காட்டியது. கடைசி எண், பாதிக்கப்பட்டோர் அமைப்புகள் சொல்வது. மறுநாள், எண்ணுக்குப் பக்கத்தில் 'யார் எண்ணியது, எப்போது' என்று எழுதச் சொன்னேன். பின் பெஞ்சிலிருந்து ஒருவன் கேட்டான்: "பத்து வருஷம் கழிச்சு நுரையீரல் கெட்டு செத்தவங்க எந்தக் கணக்குல வருவாங்க மிஸ்?" நான் ஒரு வாரம் நடத்த நினைத்தது அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது.

மிகவும் உதவியது 2014இல் திறக்கப்பட்ட 'ரிமெம்பர் போபால்' அருங்காட்சியகம் சேர்த்துவைத்திருக்கும் பதிவுகள்தான். உயிர் பிழைத்தவர்களே பேசுகிறார்கள். பேச்சு இந்தியில் இருந்ததால் தயங்கினேன். வீட்டில் உருது பேசும் மாணவி ஒருத்தி, "நான் சொல்றேன் மிஸ்" என்று எழுந்து வந்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். பாதியில் தொண்டை அடைத்துக்கொண்டது. யாரும் சத்தம் போடவில்லை, அவளே தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள்.

வேதியியல் ஆசிரியர்:

பல பக்கங்கள் 'வாயு கசிந்தது' என்பதோடு முடித்துவிடுகின்றன, ஏதோ தானாக நடந்ததுபோல. அது எனக்கு ஆறவே ஆறாது. நான் கரும்பலகையில் அந்த ஆலையின் 610ஆம் எண் தொட்டியை வரைவேன். உள்ளே தண்ணீர் போகிறது, மெத்தில் ஐசோசயனேட் என்ற நச்சு வேதிப்பொருள் கொதிக்கிறது, சுமார் 40 டன் வெளியேறுகிறது. அப்புறம் தடுத்திருக்க வேண்டிய மூன்றையும் வரைந்து ஒவ்வொன்றாக அடிப்பேன். குளிர்விக்கும் இயந்திரம் மாதக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. வாயுவைக் கழுவும் கோபுரம் அந்த அளவைத் தாங்கவில்லை. வாயுவை எரித்து அழிக்க வேண்டிய எரிகோபுரத்தின் குழாய் கழற்றப்பட்டிருந்தது. 1982லேயே பத்திரிகையாளர் ராஜ்குமார் கேஸ்வானி எச்சரித்து எழுதினார் என்று சொன்னதும் பிள்ளைகளுக்கு வரும் கோபத்தை நான் அடக்குவதில்லை.

எட்டாம் வகுப்பு ஆசிரியை:

என் பிள்ளைகள் கேட்டது வேறு: "யாருமே காப்பாத்தலையா?" தேடியதில் ரயில் நிலைய அதிகாரி குலாம் தஸ்தகீர் கிடைத்தார். பிளாட்பாரத்தில் நின்ற ரயிலை நேரத்துக்கு முன்பே கிளப்பி அனுப்பியவர். தன் குடும்பமும் அதே ஊரில் இருக்க, அவர் நிலையத்தை விட்டு நகரவில்லை. நான் இப்போது பாடத்தை அவரிடமிருந்துதான் தொடங்குகிறேன்.