புது வேலைல சேர்ந்த மூணாவது நாளே ஸ்கேன் அப்பாயின்ட்மென்ட், யாருக்காவது இப்படி ஆயிருக்கா?

ஓஎம்ஆர்_வாசி
எனக்கு அப்ப 19வது வாரம். பாப்பாவோட உறுப்பெல்லாம் சரியா இருக்கான்னு பாக்கற அனாமலி ஸ்கேன் காலைல 10:30க்கு, வேலை ஆஃபர் வர்றதுக்கு முன்னாடியே புக் பண்ணது. முந்தின நாள் சாயங்காலம் மெயில் வருது, நாளைக்கு 10 மணிக்கு கிளையன்ட் கால், புதுசா சேர்ந்தவங்க எல்லாரும் கண்டிப்பா இருக்கணும்னு. டீம் லீட்கிட்ட சொல்லிடலாம்னு போய் நின்னேன். அவர் ஹெட்செட்டைக் கழட்டல, ஒரு காதை மட்டும் லேசா ஒதுக்கி "சொல்லுங்க"ன்னார். அதைப் பாத்ததும் எனக்கு வாயே வரல, "ஒண்ணுமில்ல சார்"னு திரும்பிட்டேன். அடுத்த ஸ்லாட் 9 நாள் கழிச்சுதான் கெடச்சுது. பாப்பா நல்லா இருக்கா, இப்ப ஒன்றரை வயசு. ஆனா அந்த 9 ராத்திரியும் அவ இதயம், முதுகெலும்பு எல்லாம் சரியா இருக்கான்னு நெனச்சுக்கிட்டே முழிச்சுக் கெடந்தேன், அது மட்டும் மனசை விட்டுப் போகல.

சேலத்துக்காரன்
எனக்கு அப்பாவோட டயாலிசிஸ். செவ்வாய் வியாழன் சனி, காலைல 6 மணி ஷிப்ட், நாலு மணி நேரம். செவ்வாயும் வியாழனும் 11:30க்குத்தான் வர முடியும்னு இன்டர்வியூலயே சொன்னேன், ஹெச்ஆர் மேடமும் சரின்னாங்க, சேர்ந்து பாத்தா மேனேஜருக்கு அந்த விஷயமே தெரியல. ரெண்டாவது வாரம் செவ்வாய்க்கிழமை ஊசி போட்டதும் அப்பாவை அங்கயே விட்டுட்டு ஆபீஸ் ஓடிட்டேன். முடிஞ்சதும் அவரே ஆட்டோ பிடிச்சு வீட்டுக்கு வந்திருக்கார். நான் வந்து பாக்கறப்ப டயாலிசிஸ் ஊசி குத்தறதுக்காக ரத்தக்குழாயை இணைச்சு ஃபிஸ்டுலா போட்ட கைல கட்டு நழுவி சட்டையெல்லாம் ரத்தம் காஞ்சு கெடக்கு. "உனக்கு போன் போட்டா வேலைல சங்கடம்னு போடல தம்பி"ன்னார்.

தாம்பரம்75
முதல்ல எழுதின தங்கச்சி தப்பா எடுத்துக்காதீங்க, சேர்றதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும். என் கதை சின்னது. பாஸ்போர்ட் அப்பாயின்ட்மென்ட்டை புது வேலைக்காக மாத்தி மாத்தி, ஒரு வருஷத்துக்குள்ள 3 தடவைதான் மாத்த விடுவாங்க, மூணும் போச்சு, திரும்பப் பணம் கட்டினேன். அதனால சொல்றேன். ஆஃபரை ஒத்துக்கறப்பவே இந்தத் தேதி இந்த நேரம் வர முடியாதுன்னு மெயில்ல எழுதிடுங்க, மேனேஜரையும் அதுல சேருங்க, வாயால சொன்னது நிக்காது, சேலம் தம்பிக்கு ஆனதும் அதுதான். காரணம் விளக்கமா சொல்லணும்னு இல்ல, மருத்துவம்னு ஒரு வார்த்தை போதும். அப்புறம் ப்ரொபேஷன்ல, அதாவது வேலை உறுதியாகறதுக்கு முன்னாடி, லீவே கெடையாதுன்னு சொல்றாங்கல்ல, தமிழ்நாடு கடைகள் நிறுவனங்கள் சட்டம் 1947ல முதல் 12 மாசத்துலயே சம்பளத்தோட 12 நாள் வரைக்கும் தற்செயல் விடுப்பு, 12 நாள் வரைக்கும் நோய் விடுப்பு இருக்கு. அதுக்காக சட்டத்தைத் தூக்கிட்டுப் போய் சண்டை போடுங்கன்னு சொல்லல, ஆனா நாம பிச்சை கேக்கலங்கறது தெரிஞ்சிருந்தா கேக்கற குரலே மாறும். முடிஞ்சா காலைல முதல் ஸ்லாட்டா வாங்குங்க, பத்து மணி ஸ்லாட்னா அது பன்னெண்டாயிடும்.

மூணுமாசநோட்டீஸ்
அண்ணா, சட்டம் சரி, ஆனா கர்ப்பமா இருக்கற பொண்ணு சேர்றதுக்கு முன்னாடியே அதைச் சொல்லணும்னு சொல்றது எப்படிண்ணா? எனக்கு 14வது வாரம், சொன்னேன், "கொஞ்ச நாள்ல கூப்பிடுறோம்"னாங்க, அப்புறம் போனே வரல. சொல்லாம சேர்ந்தது அவங்க தப்பில்ல. இன்னொண்ணு, பிரசவத் தேதிக்கு முந்தின 12 மாசத்துல 80 நாள் வேலை பாத்திருந்தாலே மகப்பேறு விடுப்புக்குத் தகுதி இருக்கு, 19வது வாரத்துல சேர்ந்தாக்கூட அந்த 80 நாள் தாராளமா வரும். பயந்துக்கிட்டு வேலைக்கே போகாம இருக்கறவங்க இதைப் படிச்சா தெரிஞ்சுக்கட்டும்.

சேலத்துக்காரன்
அண்ணா, மெயில் இப்ப அனுப்பிட்டேன். இன்னும் பதில் வரல. அப்பாவை சாயங்கால ஷிப்ட்டுக்கு மாத்தலாம்னு கேட்டிருக்கேன், இடம் காலியாகணும்னு சொல்றாங்க. சேலத்துல அஞ்சு ரோடு, ஜங்ஷன் பக்கம் சாயங்கால ஷிப்ட் ஓடற சென்டர் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க.