புதுப்பிப்பு: சுவர் ஓட்டைக்குள் கதண்டுக் கூடு ஒழிந்தது

சுவரில் பழைய ஏசி பைப் ஓட்டைக்குள் கதண்டு (பெரிய குளவி வகை) கட்டிய கூட்டை எப்படி ஒழிப்பது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பலித்தது, "ஓட்டையை அடைக்காதீர்கள், தூள் போடுங்கள்" என்ற யோசனைதான்.

பூச்சி ஸ்ப்ரே ஓட்டையின் வாயோடு நின்றுவிட்டது. கூடு ஒரு அடி உள்ளே. பூச்சி ஒழிப்பவர் இருட்டிய பின், கவச உடையோடு, சிவப்பு வெளிச்சத்தில் டெல்டாமெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தூளை ஓட்டையின் வாயில் ஊதினார். போய்வரும் கதண்டுகளே உடம்பில் ஒட்டிய தூளை உள்ளே கொண்டுபோகும். மூன்றாம் நாள் நடமாட்டம் நின்றது.

எதிர்பாராதது: முதல் இரவே ஏழெட்டு கதண்டுகள் வயர் குழாய் வழியாகச் சுவிட்ச் போர்டு இடுக்கில் வந்துவிட்டன. அந்த இடுக்குகளுக்கு முன்பே டேப் ஒட்டிவிடுங்கள். ஓட்டையை அடைத்திருந்தால் மொத்தக் கூட்டமும் அறைக்குள்தான் வந்திருக்கும்.

ஒரு வாரம் கழித்துக் கூட்டைச் சுரண்டி எடுத்து, வலை வைத்துச் சிமென்ட் பூசியாயிற்று.