மறு: தோசைக்கல்லில் ஓடும் துளிக்கு என்ன பெயர்?

> கல் அதிகம் காய்ந்தால் தண்ணீர் சீக்கிரம்தானே வற்ற வேண்டும்? ஏன் உருண்டு ஓடுகிறது? பாடநூலில் இதற்குத் தமிழ்ப் பெயரே இல்லையே, ஐயா?

தம்பி, இன்று காலை தோசை வார்க்கும்போது நானும் தெளித்துப் பார்த்தேன். கல் பாதி காய்ந்திருக்கையில் விழுந்த துளி 'சொய்' என்று அங்கேயே மறைந்தது. நன்றாகக் காய்ந்தபின் தெளித்தால் சத்தமே இல்லை. மிளகு மிளகாக உருண்டு விளிம்புவரை ஓடியது.

சூட்சுமம் துளியின் அடிவயிற்றில் இருக்கிறது. சுமார் 200 டிகிரி செல்சியசில், கல்லை நெருங்கும் பக்கம் உடனே ஆவியாகி மீதித் துளியைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. இடையில் நிற்கும் ஆவி ஏறத்தாழ 0.1 மில்லிமீட்டர்தான். ஆனால் ஆவி அரிதிற்கடத்தி ஆயிற்றே, சூடு மேலே ஏறத் திணறுகிறது. 1756இல் இதை எழுதிவைத்த ஜெர்மானிய மருத்துவர் லைடன்பிராஸ்ட், பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கரண்டியில் சொட்டுவிட்டுப் பார்த்தார். முதல் துளி அரை நிமிடத்துக்கு மேல் தாங்கியது. கரண்டி ஆற ஆற அடுத்தடுத்த துளிகள் விரைவில் தீர்ந்தன. உன் கேள்வியேதான்.

பெயருக்கு வருவோம். ராமன் விளைவு போல 'லைடன்பிராஸ்ட் விளைவு' எனலாம், தவறில்லை. ஆனால் அதைக் கேட்டவுடன் துளி ஏன் ஓடுகிறது என்று விளங்காது.

> 'தாமரையிலை நிலை' எப்படி?

அழகுதான், காரணம் வேறு. இலையின் மெழுகும் நுண்மேடுகளும் துளியை ஒட்டவிடுவதில்லை. சூட்டுக்கு அங்கே வேலையில்லை.

> 'நீராவி மெத்தை'?

நெருங்கி வந்துவிட்டீர்கள், அம்மா. 'நீர்' மட்டும் இடிக்கிறது. −196 டிகிரியில் கொதிக்கும் திரவ நைட்ரஜனைத் தரையில் கொட்டினாலும் இப்படித்தான் ஓடும். அதற்கு நம் சிமெண்டுத் தரையே தோசைக்கல். மேலும் மெத்தை ஒரு பொருள், நாம் தேடுவது நிகழ்வின் பெயர்.

என் பரிந்துரை 'ஆவிமிதப்பு'. பேய்ப்படத் தலைப்பு மாதிரி இருக்கிறது என்பீர்கள். 'ஆவியாதல்' படித்த பிள்ளைகள் யாரும் மிரண்டதாகத் தெரியவில்லை. துளியாக இல்லாமல், பாத்திரத்தின் அடி முழுக்க ஆவி படர்ந்து கொதிப்பதைப் 'படலக் கொதிப்பு' என்று பிரித்துவிடலாம். ஆவிமிதப்பு தொடங்கும் சூட்டுக்கு 'மிதப்புப் புள்ளி' மட்டும் வேண்டாம், கணினிக்காரர்கள் பின்ன எண்களை எழுதும் 'மிதவைப் புள்ளி' (floating point) முறையோடு குழம்பும். 'ஆவிமிதப்பு வெப்பநிலை' நீளம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.