வலுமீட்பு: பழைய மேம்பாலப் பணிக்கு ஒரு சொல்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

வயதான நெடுஞ்சாலை மேம்பாலத்தின் இழந்த தாங்குதிறனைத் திரும்பக் கொண்டுவரும் பணிக்கு (ஆங்கிலத்தில் rehabilitation) ‘மறுசீரமைப்பு’ என்ற சொல்லே போதும் என்று நம் கலைச்சொல் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடன் மறுசீரமைப்பு, தொகுதி மறுசீரமைப்பு, துறை மறுசீரமைப்பு என்று அச்சொல் ஏற்கெனவே பல இடங்களில் வழங்குகிறது. பாலத்திலோ, கைப்பிடிச் சுவருக்கு வண்ணம் அடித்தாலும் மறுசீரமைப்பு, தளத்தை ஜாக்கி கொடுத்துத் தூக்கி, அதைத் தூண்மீது தாங்கும் பேரிங்குகளை மாற்றினாலும் மறுசீரமைப்பு என்றாகிவிட்டது. ஒப்பந்தப் புள்ளியில் எந்தப் பணி கேட்கப்படுகிறது என்று தெரியாத சொல் கலைச்சொல்லாக நிற்காது.

பாலப் பொறியியலில் இவை தனித்தனிப் பணிகள். சிதைந்த பகுதியைச் சரிசெய்வது பழுதுபார்ப்பு. முன்பு இருந்து பின்னர் இழந்துவிட்ட திறனைத் திரும்பப் பெறுவது நாம் பெயர் தேடும் பணி. வடிவமைத்தபோது கருதியதைவிடக் கூடுதல் சுமையைத் தாங்கும்படி செய்வது மூன்றாவது. சாலை, பாலப் பணிகளுக்கு நெறிமுறை வகுக்கும் இந்திய சாலை காங்கிரசின் கான்கிரீட் பாலங்களுக்கான வழிகாட்டி நூல், தலைப்பிலேயே இம்மூன்றையும் தனித்தனியே குறிப்பிடுகிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், லவால் நகரில் 1970இல் கட்டிய தெ லா கான்கார்ட் மேம்பாலத்தின் ஒரு பகுதி 2006 செப்டம்பர் 30 அன்று இடிந்து கீழிருந்த நெடுஞ்சாலையில் விழுந்தது. ஐந்து பேர் இறந்தனர், ஆறு பேர் காயமடைந்தனர். மாகாணத்தின் முன்னாள் முதல்வர் பியர் மார்க் ஜான்சன் தலைமையிலான விசாரணை ஆணையம் 2007இல் அளித்த அறிக்கை, பழியை ஒரே காரணத்தின்மீது போடவில்லை. நடுப்பகுதியின் உத்தரங்கள் இருபுறமும் நாற்காலி போல் வெட்டிய முனைகளில் அமர்ந்திருந்தன. அம்முனைகளில் கம்பி அமைப்பின் வடிவமைப்பே குறையுடையது. கட்டும்போது சில கம்பிகள் உரிய இடத்தில் வைக்கப்படவில்லை. கான்கிரீட்டும் தரம் குறைந்தது, உறைபனியையும் பனி உருக்கும் உப்பையும் தாங்கும் தன்மை அதற்கு இல்லை. 1992இல் விரிவிணைப்பை (வெப்பத்தில் தளம் விரிந்து சுருங்க இடம்விடும் இணைப்பை) மாற்றியபோது கான்கிரீட்டைப் பெயர்த்தார்கள், கம்பிகள் வெளியே தெரிந்தன. ஆயினும் உள்ளே என்ன நிலை என்று ஆழமாக ஆராயாமலே பணி முடிந்தது. அன்று நடந்தது பழுதுபார்ப்பு. அந்தப் பாலத்துக்குத் தேவைப்பட்டது வேறு.

களத்தில் இதை இன்னும் நெருங்கிப் பார்க்கலாம். விரிவிணைப்பு வழியே கசியும் நீர் உத்தரத்தின் முனையை நனைக்கிறது. கம்பியில் துரு ஏறுகிறது. துரு தான் உண்ட இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்பதால், மேலே மூடியிருக்கும் கான்கிரீட் உப்பிப் பிளக்கிறது. சுத்தியலால் தட்டினால் நல்ல இடத்தில் கணீரென்றும் உள்ளே பிரிந்துவிட்ட இடத்தில் பொள்ளலாகவும் ஒலிக்கிறது. உதிர்ந்த இடத்தில் மட்டும் கலவை பூசி மூடினால், உப்பு ஊறிய பழைய கான்கிரீட்டில், புதுப் பூச்சின் விளிம்பை ஒட்டியே, துரு மறுபடி தொடங்கும். ஆகவே கம்பியின் பின்புறம் வரை வெட்டி எடுத்து, துரு நீக்கி, எஞ்சிய கம்பித் தடிமனை அளந்து, தேவையான இடத்தில் புதுக் கம்பி சேர்த்து, கசிவின் வாயையும் அடைக்க வேண்டியிருக்கிறது. இத்தனையையும் ‘பழுதுநீக்கம்’ என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

‘புனரமைப்பு’ இடிந்ததைத் திரும்பக் கட்டுவதையும் குறிப்பதால் குழப்பம் தருகிறது. ‘மறுவாழ்வு’ மனிதர்க்கு உரியது, அங்கேயே இருக்கட்டும். கோயில்களைப் பழுதுபார்க்க விட்ட நிலத்தைப் ‘புதுக்குப்புறம்’ என்று கல்வெட்டுகள் சொல்கின்றன. அதிலிருந்து ‘புதுக்கல்’ என்று ஒரு நண்பர் பரிந்துரைத்தார். அழகான சொல்தான், ஆனால் தோற்றம் புதிதாவதையே அது முதலில் நினைவூட்டுகிறது. தாங்குதிறன் அதில் தெரியவில்லை.

ஆகவே ‘வலுமீட்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். வலுமீட்புப் பணி, வலுமீட்புத் திட்டம், வலுமீட்ட பாலம் என்று தடையின்றி விரிகிறது. திறனைக் கூட்டும் மூன்றாவது பணியை ‘வலுவேற்றம்’ எனலாம். ‘வலுவூட்டல்’ வேண்டாம், ஏனெனில் கம்பி இட்ட கான்கிரீட்டை வலுவூட்டிய கான்கிரீட் என்று பாடநூல்கள் ஏற்கெனவே எழுதிவருகின்றன.

‘மீட்பு’ என்றதும் வெள்ளத்திலும் விபத்திலும் சிக்கியவர்களைக் காப்பாற்றுவதுதான் நினைவுக்கு வரும் என்று தடை எழலாம். ஆனால் அடகு வைத்த நகையை மீட்பதும் மீட்புத்தான்: நம்முடையதாக இருந்து கைவிட்டுப் போனதைத் திரும்பக் கைக்கொள்வது. இங்கே வேண்டிய பொருளும் அதுவே. நீர்க்கசிவைத் தடுப்பதும் உப்பை வெளியேற்றுவதும் ‘வலு’வில் அடங்குமா என்பது இதைவிடக் கனமான கேள்வி. மீட்ட வலு நிலைக்க அவை இன்றியமையாதவை என்பதால், சொல்லுக்குரிய வரையறையில் அவற்றை வெளிப்படையாகச் சேர்த்துவிடலாம் என்பது என் கருத்து.

நிலநடுக்கத்தைத் தாங்குவதற்காகப் பழைய தூண்களுக்கு எஃகு உறை இடும் பணிக்கும் தனிச்சொல் வேண்டும். ‘வலுவேற்றம்’ அதற்கும் பொருந்துமா, ‘பின்பொருத்தம்’ (retrofit) என்று தனியே வைப்பதா என்பதில் தூண் வேலையில் பழகியவர்கள் கருத்துச் சொன்னால் நம் கலைச்சொல் பட்டியலில் அடுத்தடுத்து இடலாம்.