12 நாள் அசையாத அம்மோனியா: பாக்டீரியா ஊற்றியவர்களின் கதைகள்

புதுக் கடல்நீர் மீன் தொட்டியில் பாக்டீரியா ஊற்றிய அனுபவம் என்றால், என்னுடையது கொஞ்சம் வெட்கப்பட வேண்டிய கதை. 100 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, காய்ந்த பாறைகள், நீரின் ஒப்படர்த்தி 1.025. மீன் விடாமலே சைக்கிள் செய்வோம் (அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் வளர்ப்பது) என்று அம்மோனியம் குளோரைடு சொட்டு விட்டு அம்மோனியாவை 2 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 2 பங்கு) கொண்டுவந்தேன். பாக்டீரியா பாட்டிலைக் குலுக்கி முழுவதையும் ஊற்றினேன்.

மறுநாள் தண்ணீர் பால் கலந்த மாதிரி வெளுத்துவிட்டது. சும்மா விட்டிருந்தால் தானே தெளிந்திருக்கும். பொறுக்க முடியாமல், நீரில் மிதக்கும் கிருமிகளைப் புறஊதாக் கதிரால் கொல்லும் யூவி விளக்கைப் போட்டேன். தண்ணீர் பளிங்கு மாதிரி ஆனது, எனக்கு ஒரே பெருமை! ஆனால் 12 நாளாகியும் அம்மோனியா 2ஐ விட்டு அசையவில்லை. பாட்டில்தான் மோசம் என்று கடைக்காரரோடு சண்டைக்குக் கிளம்பும்போது தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவர் கேட்டார்: "யூவி எரியுதா?"

எரிந்துகொண்டுதான் இருந்தது. அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா பாறையிலும் மணலிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். ஒட்டுவதற்கு முன் நீரில் மிதக்கும்போதே நான் சுட்டுத் தள்ளியிருக்கிறேன். தண்ணீரை வெளுக்க வைப்பது வேறு பாக்டீரியாக் கூட்டம், அது வேகமாகப் பெருகும். அம்மோனியாவைத் தின்பவை இரண்டு மடங்காகவே பல மணி நேரம், சில சமயம் ஒரு நாள்கூட ஆகும்.

இரண்டாவது பாட்டிலுக்கு யூவியை அணைத்தேன், நுரையோடு அழுக்கைப் பிரித்தெடுக்கும் ஸ்கிம்மரையும் 3 நாள் நிறுத்தினேன். இவற்றுக்கு ஆக்சிஜன் நிறைய வேண்டும் என்பதால் அலை பம்ப் மட்டும் ஓடியது. 9ஆம் நாள் அம்மோனியா பூஜ்யம். அப்புறம் நைட்ரைட் ஏறி, சோதனை அட்டையின் கடைசி நிறத்திலேயே இரண்டு வாரத்துக்கு மேல் உட்கார்ந்துகொண்டது. அது இருக்கும்வரை நைட்ரேட் சோதனையும் பொய்யாகக் கூடுதல் காட்டும் என்பதால் அதைத் தொடவேயில்லை. கடைசியில் மறுபடி 2 பிபிஎம் அம்மோனியா விட்டேன். மறுநாளே அதுவும் நைட்ரைட்டும் பூஜ்யம். அன்றுதான் இரண்டு கோமாளி மீன்கள் வந்தன.

—

அண்ணா, நான் பாட்டிலே வாங்கவில்லை. நண்பரின் பழைய தொட்டியிலிருந்து ஈரம் காயாமல் ஒரு பாறை கொண்டுவந்தேன். சைக்கிள் சீக்கிரமே முடிந்தது, மறுக்கவில்லை. கூடவே ஐப்டேசியா என்ற தொல்லைபிடித்த கடல் சாமந்தியும் வந்துவிட்டது. ஒன்றைக் கிள்ளினால் அந்தத் துணுக்கிலிருந்து இன்னொன்று முளைக்கிறது. இன்றுவரை போராட்டம்தான்.

—

நான் பாக்டீரியாவோடு நிற்காமல் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுயிர்களையும் விட்டேன். இரவில் விளக்கையும் பம்பையும் அணைத்து, பாறை இடுக்கில் மெதுவாக ஊற்றினேன். அவற்றின் உணவுக்குப் பச்சை பைட்டோபிளாங்டன் என்ற நுண்பாசி. ஒரு மாதத்தில் கண்ணாடியெல்லாம் வெள்ளைப் புள்ளிகளாக ஓடின. அந்தச் சந்தோஷத்தில், கோப்பிபாட்களைத் தின்னும் மாண்டரின் மீனை வாங்கிவிட்டேன். நாள் முழுக்கக் கொத்திக்கொண்டே திரியும் ஜென்மம் அது. மூன்றே வாரத்தில் கண்ணாடியில் ஒரு புள்ளி இல்லை, மீனின் வயிறு ஒட்டிவிட்டது. பெரிய பழைய தொட்டி வைத்திருந்தவரிடம் அதைக் கொடுத்துவிட்டேன். அங்கே நன்றாகக் கொழுத்திருக்கிறதாம்.